இரண்டாவது விண்ணப்பம்

ஜூன் 11

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உயிரோடுதான் இருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதை நீ நிதானமாகப் படிப்பாய். நீயும் உன் மனைவியும் குட்டியும் சுகம்தானே?

போன வெள்ளிக்கிழமை விடியற்காலையில் ஆற்றங்கரை உடைந்துவிட்டது. என் மந்தக் காதுக்குத் தண்ணீர் வந்த சத்தம் எட்டவில்லை. கட்டிலிலிருந்து காலை இறக்கியபோதுதான் தெரிந்தது. மேட்டுத் தொழுவத்து மாடுகளை அவிழ்த்துவிட்டேன். கீழ்த் தொழுவத்தின் கதவைத் தண்ணீர் அழுத்திப் பிடித்துக்கொண்டது. கோடாலியால் வெட்டித் திறப்பதற்குள் உள்ளே சத்தம் நின்றுவிட்டது. சத்தம் நின்றதை மட்டும் எப்படிக் கேட்டேன் என்று கேட்காதே. முப்பத்தொன்றில் பதினேழு போய்விட்டன.

கால்நடை ஆஸ்பத்திரி உதவியாளரை உனக்கு நினைவிருக்கும், எல்லோரும் ஊசிக்காரர் என்று கூப்பிடுவோமே, அவர் மறுநாளே வந்தார். இடுப்பளவு சேற்றில் நின்று, செத்த ஒவ்வொரு மாட்டின் காது வில்லையையும் துடைத்து, நம்பரைப் படித்து எழுதிச் சான்றிதழ் கொடுத்தார். அரசாங்கம் நிவாரணம் தரப்போகிறதாம். செப்டம்பர் முடிய விண்ணப்பிக்கலாம் என்றார்.

உன் மாமா என்னை விட்டுப் போய்ச்சேர்ந்த வருஷம்கூட நான் இப்படி இடிந்து உட்கார்ந்ததில்லை. இன்று எழுந்துவிட்டேன். கவலைப்படாதே.

அக்கா


ஜூன் 24

அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நீ நல்லபடியாக இருப்பதே எங்களுக்குப் போதும். நான் ஓடி வந்திருக்க வேண்டும். இங்கே மூன்று கட்டிடங்களில் லிஃப்ட் பழுது. லீவு என்று வாயைத் திறந்தாலே மேற்பார்வையாளர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

வீட்டிலும் ஒரு தொல்லை. குட்டியின் இடது கால் எலும்பு வளைந்துகொண்டே போகிறதாம். இந்த வருஷத்துக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்கிறார் டாக்டர். செலவைச் சொன்னதும் உன் தம்பி மனைவி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அது என் பாடு, நீ போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

ஒன்று செய். ஊசிக்காரர் கொடுத்த சான்றிதழையும் காது நம்பர் பட்டியலையும் நகல் எடுத்து எனக்கு அனுப்பி வை. உன் வீடு இன்னும் ஈரமாக இருக்கும். காகிதம் ஊறிப்போனால் யாரும் இன்னொன்று தரமாட்டார்கள். இங்கே பீரோவில் நிலப் பத்திரத்தோடு பத்திரமாக இருக்கும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

தம்பி


ஜூலை 6

தம்பிக்கு,

நலம். குட்டியின் காலை நினைத்துத்தான் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. அவளிடம் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டீர்களா? சொல்லாமல் கூட்டிப்போகாதீர்கள், பிறகு உங்களை நம்பமாட்டாள்.

நீ கேட்ட நகல்கள் இத்துடன் உள்ளன. வீட்டுக் காகிதங்களையெல்லாம் துணிக்கொடியில் கவ்வி போட்டுக் காயவைத்திருக்கிறேன். வரி ரசீதும் மாமாவின் ஆஸ்பத்திரிச் சீட்டும் என் பாவாடையும் ஒரே வரிசையில் ஆடுகின்றன. தபால்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

விண்ணப்பத்தோடு பத்திரத்தின் நகலும் வேண்டுமாம். அப்பாவுக்குப் பிறகு நிலம் நம் இருவர் பெயரிலும் இருக்கிறதே, பத்திரம் உன்னிடம்தானே இருக்கிறது? உடனே நகல் அனுப்பு. தீவனக் கடைக்காரர் வாரம் ஒருமுறை வந்து வாசலில் நிற்கிறார். ஒன்றும் கேட்பதில்லை, சும்மா நிற்கிறார். கேட்டால்கூடப் பதில் சொல்லிவிடலாம்.

பணம் வந்தால் முதலில் அவர் கடன், அப்புறம் ஆறு கன்று. மிச்சத்தில் குட்டியின் காலுக்கு என்னாலானதைத் தருவேன். வேண்டாம் என்று வீம்பு பிடிக்காதே.

அக்கா


ஆகஸ்ட் 9

அக்காவுக்கு,

வணக்கம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வேலை நெருக்கடி. பத்திர நகல் இதில் இருக்கிறது. எல்லோரும் நலம். குட்டி உன்னைக் கேட்டாள். பிறகு விரிவாக எழுதுகிறேன்.

தம்பி


செப்டம்பர் 22

தம்பிக்கு,

அங்கே எல்லோரும் சௌக்கியமா? இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, தலைதான் சுற்றுகிறது.

உன் நகல் வந்த வாரமே விண்ணப்பம் கொடுத்திருந்தேன். நேற்று கூப்பிட்டு அனுப்பினார்கள். இரண்டு மணி நேரம் வரிசை. கவுண்டரில் இருந்த பெண் என் தாளைப் புரட்டிவிட்டு ஏதோ சொன்னாள். எனக்குக் காது மந்தம் என்றேன். அவள் எழுந்து நின்று கத்தினாள்.

“உங்க நிலத்துக்குப் பணம் போயிடுச்சும்மா!”

“எங்க போச்சு?”

“பேங்குக்கு!”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது.

“எனக்கு வரலையே. யார் பேருக்குப் போச்சு?”

“அதச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. உங்களுக்கு முன்னாடியே ஒரு விண்ணப்பம் வந்திருக்கு. ஊசிக்காரர் சான்றிதழ் வச்சிருக்காங்க. அதே பதினேழு மாடு, அதே நம்பருங்க. ஒரு நிலத்துக்கு ஒரு தடவதான். உங்களுது ரெண்டாவது.”

என் விண்ணப்பத்தின் மேல் சிவப்பு முத்திரை குத்தித் திருப்பித் தந்துவிட்டாள்.

வரும் வழியெல்லாம் இதே யோசனைதான். அந்தச் சான்றிதழ் இருந்தது இரண்டே கைகளில். ஒன்று என் கை, இன்னொன்று எழுதிக் கொடுத்த கை. ஊசிக்காரர் ஆகஸ்டிலிருந்து புதுசாக ஒரு மோட்டார் சைக்கிளில் போய்வருகிறார். தீவனக் கடைக்காரர்தான் காட்டினார். “அந்தச் சம்பளத்துல இந்த வண்டியா?” என்றார். இத்தனை நாள் பேசாமல் நின்ற மனுஷன் அதற்கு மட்டும் வாயைத் திறந்தார்.

சேற்றில் நின்று எழுதியவர் ஏமாற்றுவாரா? நாலு பேரை அறிந்தவன் நீ. அவர் செய்திருப்பார் என்று நினைக்கிறாயா? ஒளிக்காமல் எழுது.

அக்கா


அக்டோபர் 18

அக்காவுக்கு,

வணக்கம். உன் உடம்பு எப்படி இருக்கிறது?

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். போன மாதம் குட்டிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கம்பெனியில் முன்பணம் கொடுத்து உதவினார்கள். கட்டோடு படுத்திருக்கிறாள். கட்டின் மேல் மாடு வரைந்து வைத்திருக்கிறாள், பார்க்க நாய் மாதிரி இருக்கிறது.

நிவாரண விஷயத்தில் என் யோசனை, அதை விட்டுவிடு. ஆபீஸ்காரர்களோடு மல்லுக்கட்ட நம்மால் முடியாது. நடந்து நடந்து செருப்புதான் தேயும். புகார் அது இது என்று போகாதே.

ஊசிக்காரரைப் பற்றிக் கேட்டிருந்தாய். நான் என்ன சொல்ல? யார் மனசில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்.

கொஞ்ச நாளில் நான் ஏதாவது அனுப்பப் பார்க்கிறேன்.

தம்பி


நவம்பர் 3

தம்பிக்கு,

குட்டிக்கு அத்தையின் முத்தம். உன் கம்பெனிக்காரர்கள் நன்றாயிருக்கட்டும்.

நீ வேண்டாம் என்றாய். ஆனால் நீ அவருக்காகப் பரிந்தும் பேசவில்லை. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. நாலு மாடுகளை விற்ற அன்று ஆத்திரம் தாங்காமல் மேலதிகாரிக்குப் புகார் எழுதிவிட்டேன். விசாரணை முடியும்வரை ஊசிக்காரரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

நேற்று மழையில் நனைந்துகொண்டு வந்தார். முற்றத்தில் நின்றார், உள்ளே வா என்று நான் சொல்லவில்லை.

“அம்மா, அந்தச் சேத்துல நின்னு உங்களுக்கு எழுதிக் கொடுத்தவன் நான். உங்க பணம் எனக்கு எதுக்கும்மா?”

“அப்ப இந்த வண்டி எங்கேருந்து வந்துச்சு?”

“வண்டியா? என் வண்டிய வெள்ளம் கொண்டுபோச்சு. இது என் மச்சானுது. வேணும்னா அவனையே கூப்பிட்டுக் கேளுங்க.”

இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். காது கேட்காதது சில சமயம் வசதியாகத்தான் இருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். போகிற போக்கில் தொழுவத்தில் நுழைந்தார். ஒரு மாட்டுக்குக் கால் புண், அதைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

அப்போதிலிருந்து எனக்கு ஒருமாதிரி இருக்கிறது. திருடனுக்கு என்ன, நன்றாக நடிக்கவும் தெரிந்திருக்கும் என்று சொல்லிக்கொள்கிறேன். நீ என்ன நினைக்கிறாய்? சீக்கிரம் எழுது.

அக்கா


நவம்பர் 19

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பியின் மனைவி எழுதும் கடிதம். வழக்கமாக அவர்தான் எழுதுவார், நான் ஓரத்தில் ஒரு வரி சேர்ப்பேன். இன்று அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

“அக்கா யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டா. நன்றின்னு ஒரு வார்த்தை எழுதினாலும் அவளுக்குக் கோவம் வரும்” என்று அவர் சொல்லியிருந்தார். இரண்டு மாதம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். நேற்று குட்டி ஊன்றுகோல் இல்லாமல் சமையலறையிலிருந்து வாசல்வரை நடந்து வந்துவிட்டாள். அதற்கு மேலும் எழுதாமல் இருந்தால் நான் மனுஷி இல்லை.

அண்ணி, பதினேழு மாடுகளை இழந்துவிட்டு, அதற்கு வந்த நிவாரணத்தை அப்படியே இவள் காலுக்காகக் கொடுத்துவிட்டீர்கள். கூடப் பிறந்தவர்கள்கூட இந்தக் காலத்தில் செய்வார்களா என்று என் அம்மா கேட்டாள். கூடப் பிறந்தவள்தான் செய்தாள் என்றேன். நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருவோம். இப்போது வீட்டுச் செலவை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? தீவனத்துக்கு என்ன செய்கிறீர்கள்? அவரிடம் கேட்டால் “அதெல்லாம் அக்கா பாத்துப்பா” என்று எழுந்து போய்விடுகிறார். சில நாளாக அவர் ராத்திரியில் சரியாகச் சாப்பிடுவதும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். குட்டி நடப்பதைப் பார்க்க நீங்கள் ஒருமுறை வரவேண்டும்.

உங்கள் அன்பு மறவாத,
குட்டியின் அம்மா


நவம்பர் 26

தம்பிக்கு,

உன் மனைவியின் கடிதம் வந்தது. குட்டி நடக்கிறாளாம். படித்துச் சந்தோஷப்பட்டேன். பிறகு மறுபடியும் படித்தேன்.

சான்றிதழைப் பார்த்த கைகள் இரண்டு என்று உனக்கு எழுதினேனே, அந்தக் கடிதத்தை எந்த முகத்தோடு படித்தாய்? மூன்றாவது கை எனக்குத் தோன்றவே இல்லை. அப்படி ஒரு கை உண்டு என்று நினைத்துப் பார்க்கக்கூட இல்லை.

கேட்டிருந்தால் முழுவதையும் கொடுத்திருப்பேன் என்று எழுத வந்தேன். அது பொய். தீவனக் கடைக்காரர் வாசலில் நிற்கும்போது முழுவதையும் கொடுத்திருக்கமாட்டேன். பாதி கொடுத்திருப்பேன். பாதிக்காக நீ கேட்க விரும்பவில்லை.

பணத்தை விடு. “யார் மனசில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்” என்று எழுதினாயே, அந்த ஒரு வரியை வைத்துத்தான் நான் ஒரு மனுஷரின் பிழைப்பில் கை வைத்தேன். இரண்டு குழந்தைகள் உள்ளவர்.

உன் மனைவிக்கு, குட்டி நடப்பதே போதும் என்று ஒரே வரி எழுதியிருக்கிறேன். மற்றதை நீதான் அவளிடம் சொல்ல வேண்டும். விசாரணை டிசம்பர் 16, காலை பத்து மணி. என் புகார் தப்பு என்று சொல்லப்போகிறேன். அப்படியானால் யார் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி காதில் விழாத மாதிரி என்னால் உட்கார்ந்திருக்க முடியாது.

அக்கா


டிசம்பர் 4

அக்கா,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

நிலத்துக்காரருக்கு ஒன்று, மாடு வைத்திருப்பவருக்கு ஒன்று என்று இரண்டு வகையாகத் தருவார்கள், உன் பங்கு உனக்குத் தனியாக வரும் என்று நினைத்துத்தான் நகல் கேட்டேன். இதை நீ நம்பலாம். ஆனால் இங்கே தலைமை அலுவலகத்தில் விண்ணப்பத்தை நீட்டியபோது அங்கிருந்தவர், “ஒரு நிலத்துக்கு ஒரு தடவதான், தெரியுமில்ல?” என்று கேட்டார். அப்போது பேனா என் கையில் இருந்தது. இன்னும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. தெரியும் என்று சொல்லிவிட்டுப் போட்டேன். மூன்றே நாளில் டாக்டருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அதைவிட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ ஊசிக்காரரைச் சந்தேகப்பட்டு எழுதியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்பாடா என்று இருந்தது. அதற்குப் பிறகுதான் சாப்பாடு இறங்கவில்லை.

கெஞ்சிக் கேட்கிறேன். புகாரைத் திரும்ப வாங்கிக்கொள், தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று மட்டும் சொல். அவருக்கு வேலை கிடைத்துவிடும், விஷயமும் அதோடு முடிந்துவிடும். என் பெயர் வந்தால் என் வேலை போய்விடும். இவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்கிறேன்.

தம்பி


டிசம்பர் 18

குட்டியின் அம்மாவுக்கு,

அண்ணி எழுதுவது. நீ என் தம்பியோடு பேசுவதில்லை என்று அவனே சொன்னான். அதற்குள் நுழைய எனக்கு உரிமையில்லை. நடந்தது என்ன என்று உனக்குத் தெரிய வேண்டும், அதனால் எழுதுகிறேன். குட்டியின் கால் வலி குறைந்திருக்கிறதா?

ஆபீஸின் மாடி அறை. நீள மேஜைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். ஊசிக்காரர் தேய்த்த சட்டையோடு பெஞ்சின் கோடியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு ஃபைல். வணக்கம் சொன்னேன். தலையை மட்டும் அசைத்தார்.

முதலிலேயே சொல்லிவிட்டேன். “நான் எழுதிக் கொடுத்த புகார் தப்பு. இவர் மேல ஒரு குத்தமும் இல்ல.”

“அப்ப பணத்த வாங்கினது யாரு?” என்றார் நடுவில் இருந்தவர்.

எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து அவர் இன்னும் உரக்கக் கேட்டார். மூன்றாவது தடவை மேஜையைத் தட்டிக் கேட்டார். முதல் தடவையே கேட்டுவிட்டது, பெண்ணே. மூன்று தடவையும் கேட்டது.

“என் தம்பி” என்றேன்.

பின்னால் நாற்காலி நகர்ந்தது. திரும்பிப் பார்த்தால் தூணுக்குப் பக்கத்தில் அவன் நிற்கிறான், கையில் பயணப் பை. எட்டு மணிக்கே வந்துவிட்டானாம். நான் சொல்வதற்கு முன் எழுந்தானா, சொன்ன பிறகு எழுந்தானா என்று எனக்குத் தெரியாது. முன்பே எழுந்தேன் என்கிறான். அவன் சொல்வதைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஊசிக்காரருக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தானே ஒப்புக்கொண்டதால் போலீஸுக்கு அனுப்பவில்லை. பணத்தை அபராதத்தோடு முப்பது மாதத் தவணையில் கட்ட வேண்டும். என் விண்ணப்பத்தை மறுபடி எடுத்துக்கொள்வார்கள். திங்கட்கிழமை முதல் ஊசிக்காரர் வேலைக்குப் போகலாம்.

வெளியே வந்ததும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “சரிம்மா, மழை வர்ற மாதிரி இருக்கு, பத்திரமா போங்க” என்றார். என்னைத் திட்டியிருந்தால் ஒரு வேளைச் சோறாவது இறங்கியிருக்கும்.

குட்டி நடப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் காலைப் பார்த்து நீ ஒருபோதும் வருத்தப்படாதே.

அண்ணி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

நான் நலம். கம்பெனியில் உன்னை வேலையில் வைத்துக்கொண்டதை உன் மனைவி எழுதியிருந்தாள். நல்லது.

போன வாரம் நிவாரணத்துக்காக மறு கணக்கெடுப்பு நடந்தது. மிச்சமிருக்கும் மாடுகளை எண்ணிச் சான்றளிக்க ஆள் அனுப்பினார்கள். வேறு யாரையாவது அனுப்புவார்கள் என்று நினைத்தேன். ஊசிக்காரர்தான் வந்தார். அவர் மச்சானின் வண்டி இல்லை, பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து வந்தார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் குடித்தார். பிறகு மாட்டின் கால் புண்ணைப் பார்த்தார், ஆறிவிட்டது என்றார். அதுவும் மாட்டைப் பார்த்துத்தான் சொன்னார்.

எண்ண ஆரம்பிக்கும்போது நான் வழக்கம்போல வீட்டுக்குள் போகத் திரும்பினேன். கூப்பிட்டார்.

“அம்மா, போகாதீங்க. நீங்களும் கூட நின்னு எண்ணுங்க.”

“உங்க மேல எனக்குச் சந்தேகமெல்லாம் இல்லங்க.”

“எனக்கு இருக்கும்மா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. “நான் ஒரு பக்கம் எண்ணுறேன், நீங்க ஒரு பக்கம் எண்ணுங்க. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுடலாம்.”

இருவரும் தொழுவத்தின் இரண்டு முனையில் நின்று எண்ணினோம். நான் பத்து என்றேன். அவரும் பத்து என்றார். என் கையெழுத்தைத் தன் கையெழுத்தோடு சேர்த்துப் பார்த்துவிட்டு, மை காயும்வரை தாளைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

பள்ளி விடுமுறை விட்டதும் குட்டியை அவள் அம்மாவோடு அனுப்பி வை. மேட்டுத் தொழுவம்வரை அவள் நடப்பதைப் பார்க்க வேண்டும். பஸ்ஸிலிருந்து இறங்க நான் போய்க் கைகொடுப்பேன்.

உன்னை எப்போது வரச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரிந்த அன்று நானே எழுதுவேன். அதுவரை வராதே.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா